தீர்ப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்புகிறவர்கள்

1959 அக்டோபரில் பம்பாய் அமர்வு நீதிமன்றத்திலிருந்து ஒன்பது பேர் தத்தம் வீடுகளுக்குத் திரும்பினர். ஏறத்தாழ ஒரு மாத காலம் அவர்கள் ஜூரிகளாக அமர்ந்து, கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கின் சாட்சியங்களைக் கேட்டிருந்தனர். எட்டுப் பேர் ‘குற்றவாளி அல்லர்’ என்றனர், ஒருவர் மாறுபட்டார். அம்முடிவை ஏற்க மறுத்த அமர்வு நீதிபதி, அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆம் பிரிவின்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1960 மார்ச்சில் உயர் நீதிமன்றம் நானாவதிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1964இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

இவ்வழக்கைப் பற்றி நூல்கள் வந்துள்ளன. திரைப்படங்களும் இணையத் தொடர்களும் வந்துள்ளன. சுட்டவர், சுடப்பட்டவர், இருவருக்கும் இடையில் நின்ற பெண், வாதிட்ட வழக்குரைஞர்கள், நானாவதிக்காக வாரந்தோறும் எழுதிய ‘பிளிட்ஸ்’ இதழின் ஆசிரியர் எனப் பலரும் பொது நினைவில் நிலைத்துவிட்டனர். அந்த ஒன்பது பேர் மட்டும் ‘ஜூரிகள்’ என்னும் ஒற்றைப் பன்மைச் சொல்லுக்குள் மறைந்துபோயினர். பத்திரிகையின் பரப்புரைக்கு மயங்கியவர்கள், உணர்ச்சிக்கு ஆட்பட்டவர்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த வரலாற்றுச் சான்றிதழ்.

இவ்விடத்தில் அதிகம் பேசப்படாத ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமர்வு நீதிபதி ஜூரிகளுக்கு ஆற்றிய வழிகாட்டுரையிலேயே பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் கண்டது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சுட்டது தற்செயலாக நேர்ந்தது என்று வாதிடுபவரே அதை மெய்ப்பிக்கும் சுமையை ஏற்க வேண்டும் என்னும் சான்றுச் சட்டத்தின் அடிப்படை விதி ஜூரிகளுக்கு உரியவாறு எடுத்துரைக்கப்படவில்லை. ஆக, சட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டவர்கள் தவறான முடிவுக்கு வந்தனர். ஆயினும் பழி முழுவதும் கேட்டுக்கொண்டவர்கள்மீதே விழுந்தது. நீதிபதிக்குத் தம் கருத்தைக் காரணங்களோடு எழுத ஒரு தீர்ப்புரை இருந்தது. மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கும் இருந்தது. ஜூரிகளுக்கு இருந்தவை ஓரிரு சொற்கள் மட்டுமே. அவற்றைச் சொல்லி முடித்ததும் அவர்கள் பணி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்றனர், போயினர். தங்கள் முடிவு பிழையானது என்று நாட்டின் உயர்ந்த மன்றங்கள் அடுத்தடுத்துக் கூறியதை அவர்கள் மற்றவர்களைப் போல நாளேட்டில்தான் படித்திருக்க முடியும்.

ஒருவரை அழைத்து, மற்றொருவரின் வாழ்வைப் பற்றி முடிவு செய்யச் சொல்லி, முடிவு செய்தபின் ‘நீங்கள் போகலாம்’ என்று அனுப்பிவிடும் அரசுக்கு, அவர் போய்ச் சேரும் வீட்டைப் பற்றி ஏதேனும் பொறுப்பு உண்டா? இந்தக் கேள்வி இந்தியாவில் ஒருபோதும் ஒழுங்காகக் கேட்கப்படவில்லை. ஜூரி முறையே ஒழிந்துவிட்ட நாட்டில் இதை இப்போது எழுப்புவானேன் என்று தோன்றலாம். ஜூரி முறை ஒழிந்தது உண்மை. ஜூரியின் வேலை ஒழியவில்லை என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

1. பேசாதவர்களின் வரலாறு

இந்திய மண்ணில் ஜூரியின் கதை சென்னையில் தொடங்குகிறது. 1665இல் புனித ஜார்ஜ் கோட்டையில், தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அசென்ஷியா டாஸ் என்னும் பெண்மணியைப் பன்னிருவர் கொண்ட ஜூரி விசாரித்து இறுதியில் விடுவித்தது. கொல்லப்பட்ட பெண்ணின் தரப்பு மக்கள் எவரும் அந்தப் பன்னிருவரில் இல்லை. யார் ஜூரியில் அமர்கிறார் என்பதே தீர்ப்பின் பாதி என்னும் பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

அதன் பின்னர் இந்தியர்களுக்கு ஜூரியில் இடம் கிடைத்தது ஒரு போராட்டத்தின் வழியாகவே. 1826ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்களை ஜூரிகளாக அனுமதித்தது. ஆனால் கிறித்தவர் ஒருவரை விசாரிக்கும் ஜூரியில் இந்துவோ முஸ்லிமோ அமரக் கூடாது என்றது. ராம்மோகன் ராய் உள்ளிட்டோர் இதை எதிர்த்தனர். 1832இல் அத்தடை நீங்கியது. 1892இல் வங்காளத்தில் கொலை முதலான கடும் குற்றங்களுக்கு ஜூரி விசாரணையை அரசு நிறுத்த முற்பட்டபோது எழுந்த எதிர்ப்பால், அடுத்த ஆண்டே அந்த ஆணையைத் திரும்பப் பெற நேர்ந்தது. அக்காலப் படித்த இந்தியர் ஜூரியில் அமர்வதைச் சுமையாகக் கருதவில்லை, உரிமையாகவே கருதினர்.

அந்த உரிமைக்கு ஒரு விலை இருந்தது. 1897இல் திலகர்மீது நடந்த அரசத் துரோக வழக்கில் ஒன்பது ஜூரிகளில் ஆறு ஐரோப்பியர் ‘குற்றவாளி’ என்றனர். மூன்று இந்தியர் ‘அல்லர்’ என்றனர். 1908இல் ஏழு ஐரோப்பியர் ‘குற்றவாளி’ என்றனர்; இரண்டு பார்சிகள் ‘அல்லர்’ என்றனர். திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டதும் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்த ஒன்பது பேரும் திரும்பிச் சென்றது அதே நகரத்துக்குத்தான். பெரும்பான்மையோடு நின்ற எழுவரும், தோற்ற சிறுபான்மையாக நின்ற இருவரும் மறுநாள் அதே கடைத்தெருவில் நடந்திருக்க வேண்டும். தம் அலுவலகங்களில் அதே மனிதர்களைச் சந்தித்திருக்க வேண்டும். திலகரின் கூற்று நீதிமன்றச் சுவரில் பொறிக்கப்பட்டுவிட்டது. அந்த இருவரின் மறுநாளைப் பற்றிப் பொது வரலாறு எதையும் பதிவு செய்யவில்லை.

பெருநகரங்களுக்கு வெளியே வேறொரு வகையினர் இருந்தனர். ‘அசெசர்’ எனப்பட்ட அவர்கள் வழக்கு முழுவதையும் அமர்ந்து கேட்டனர். இறுதியில் தம் கருத்தைச் சொன்னனர். நீதிபதி அதை ஏற்கலாம், தள்ளலாம். அவர்கள் கருத்து எவரையும் கட்டுப்படுத்தவில்லை. பல நாள் வயலையும் கடையையும் விட்டு வந்து உட்கார்ந்து, தம் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை அறிந்து திரும்பிய மனிதர்கள் அவர்கள். 1955ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அம்முறையை நீக்கியபோது அவர்களுக்காக வருந்தியோர் அரியர்.

ஜூரி முறையைக் கைவிடலாம் என்று சட்ட ஆணையம் 1958இல் அளித்த தன் 14ஆம் அறிக்கையிலேயே பரிந்துரைத்துவிட்டது. அதாவது நானாவதி துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முந்தைய ஆண்டு. நானாவதி வழக்கே இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்றும், அதனாலேயே அம்முறை ஒழிந்தது என்றும் பரவியுள்ள கருத்து சரியன்று. அதன் பிறகும் சில மாநிலங்களில் ஜூரி விசாரணைகள் நடந்தன. 1974 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே ஜூரிக்கு இடமில்லாமல் செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அதற்கு இடமில்லை.

2. மிச்சமிருக்கும் ஜூரி

ஆனால் ஓரிடத்தில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. 1936ஆம் ஆண்டுப் பார்சி திருமணம் மற்றும் மணமுறிவுச் சட்டத்தின்படி, பார்சிகளின் மணவழக்குகளை நீதிபதி தனியே முடிவு செய்வதில்லை. ‘டெலிகேட்’ எனப்படும் பார்சிப் பிரதிநிதிகள் அவருடன் அமர்கின்றனர். முன்பு எழுவராக இருந்த எண்ணிக்கை 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐவராயிற்று. சட்டம், நடைமுறை ஆகியவற்றை நீதிபதி முடிவு செய்வார். உண்மை எது என்பதை அந்தப் பிரதிநிதிகளின் பெரும்பான்மை முடிவு செய்யும். கொடுமை நடந்ததா, கைவிடல் நிகழ்ந்ததா என்னும் கேள்விகளுக்கு விடை சொல்வோர் நீதித்துறையைச் சாராத அந்த ஐவரே. மாநில அரசு அவர்களைப் பத்தாண்டுக் காலத்துக்கு நியமிக்கிறது. பெயர்ப்பட்டியல் அரசிதழில் வெளியாகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பார்சிகள் 57,264 பேர். ஒரு சிறுநகரத்தின் மக்கள்தொகை அது. அவர்களுள் பெரும்பாலோர் வாழ்வது மும்பையிலும் அதன் சுற்றுப்புறத்திலும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த ஐவரில் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் தாதர் பார்சி காலனியில் வசிக்கும், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் கதவடைத்த அறையில் ஒரு கணவனும் மனைவியும் ஒருவர்மீது ஒருவர் சொன்னவற்றைக் கேட்டிருக்கிறார். படுக்கையறையில் நடந்தது, மாமியார் சொன்னது, மருத்துவர் எழுதிக்கொடுத்தது எல்லாம் அவர் காதுக்கு வந்திருக்கின்றன. மாலையில் வீடு திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை அதே அக்னி ஆலயத்தின் வாயிலில் அந்தப் பெண்ணின் தாய்மாமனைக் காணக்கூடும். அடுத்த மாதம் ஒரு திருமண விருந்தில் அந்தக் கணவனோடு ஒரே வரிசையில் அமரக்கூடும். அவர் மனைவி கேட்கிறார்: “இன்றைக்கு யார் வழக்கு?” அவர் சொல்லக் கூடாது. சொல்லாமலிருப்பதும் ஒரு செய்தியே என்பது நாற்பதாண்டு இல்லறத்தில் இருவருக்கும் தெரியும்.

இம்முறையை 2017இல் ஒரு பார்சிப் பெண் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தார். குடும்ப நீதிமன்றங்களில் பிற சமூகப் பெண்களுக்குக் கிடைக்கும் சமரச வாய்ப்பும் விரைவும் தங்களுக்குக் கிடைப்பதில்லை. தம் அந்தரங்கத்தைத் தம் சமூகத்தாரின் முன்பே விரிக்க வேண்டியிருக்கிறது என்பது எதிர்ப்போரின் முறையீடு. அது வலுவான முறையீடு. ஆனால் அதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. அந்தரங்கத்தைக் கேட்க நேர்ந்தவர்களும் அதைச் சுமந்துகொண்டே தம் சமூகத்துக்குள் வாழ வேண்டியிருக்கிறது. வழக்காடுபவரின் துயரோடு இதை ஒப்பிட முடியாது. ஆயினும் இல்லையென்றும் சொல்ல முடியாது.

3. பெயர் மாறிய ஜூரிகள்

பார்சி நீதிமன்றம் ஓர் அரிய விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். பின்வரும் இரண்டையும் அவ்வாறு ஒதுக்க முடியாது.

முதலாவது, இளைஞர் நீதிக் குழுமம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, சட்டத்துடன் முரண்பட்ட சிறார்களின் வழக்குகளை ஒரு முதன்மை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்து முடிவு செய்கின்றனர். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மூவருள் பெரும்பான்மையினரின் கருத்தே செல்லும். அதாவது இரண்டு சமூகப் பணியாளர்களும் ஒன்றுபட்டால் நடுவரின் கருத்தையும் மீறலாம். நானாவதி வழக்கின் எட்டுப் பேருக்கும் கிட்டாத அதிகாரம் இது. ஜூரிகளை மறுக்க நீதிபதிக்கு 307ஆம் பிரிவு இருந்தது. பதினாறு வயது நிறைந்த சிறுவன் ஒருவன்மீது கொடுங்குற்றம் சுமத்தப்படும்போது, அக்குற்றத்தைச் செய்யும் உடல், மன ஆற்றலும் விளைவை உணரும் திறனும் அவனுக்கு இருந்தனவா என்பதை இக்குழுமமே முதற்கண் மதிப்பிடுகிறது. அவன் வயதுவந்தவனைப் போல விசாரிக்கப்படுவானா என்பது அம்மதிப்பீட்டைப் பொறுத்தது.

கல்வி, உடல்நலம், குழந்தைநலம் ஆகிய துறைகளில் பணியாற்றியவரோ, உளவியல், சமூகவியல், சட்டம் முதலியன கற்றுத் தொழில் செய்பவரோ இப்பொறுப்புக்கு வருகிறார். மூன்றாண்டுக்கு மிகாத பதவிக்காலம். பகலில் பதினாறு வயதுச் சிறுவனின் கண்ணைப் பார்த்து முடிவு சொல்கிறார். மாலையில் வீட்டில் பதினாறு வயது மகன் கதவைத் திறக்கிறான். அவன் தாமதமாக வந்தால், கைப்பேசியை மறைத்தால், சற்றுக் குரலுயர்த்தினால், தாயின் மனம் எங்கெங்கோ போய் வரும். இது எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை.

இரண்டாவது, பணியிடங்களின் உள்ளகப் புகார்க் குழு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வொரு இடத்திலும் அக்குழு அமைக்கப்பட வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைமை வகிப்பார். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருப்பர். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருப்பார். ஆட்களை அழைத்து விசாரிப்பதில் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. தொண்ணூறு நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். புகாரின் உள்ளடக்கத்தையும் விசாரணை நடவடிக்கைகளையும் வெளியிடக் கூடாது.

அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் ஒருவரும் நூலகத்தில் பணிபுரியும் ஒருவரும் பாடம் நடத்தும் ஒருவரும் சேர்ந்து, தம்முடன் பணியாற்றும் ஒருவரைப் பற்றி முடிவு செய்கின்றனர். பழைய ஜூரி, தான் விசாரித்தவரை மீண்டும் காணாமலே வாழ்ந்துவிடலாம். உள்ளகக் குழு உறுப்பினருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அறிக்கை அளித்த மறுநாள் காலை அதே மின்தூக்கி, அதே உணவறை, அதே வருகைப் பதிவேடு. புகார் மெய்ப்பிக்கப்பட்டால் ஒரு தரப்பார் முகத்தைத் திருப்பிக்கொள்வர். மெய்ப்பிக்கப்படாவிட்டால் மற்றொரு தரப்பார். ஏன் அவ்வாறு முடிவு செய்தீர்கள் என்று எவரேனும் கேட்டால், ரகசியக் காப்புக் கடமை காரணமாக விடை சொல்லவும் முடியாது. வதந்திக்கு வாய் உண்டு, உறுப்பினருக்கு இல்லை.

இப்படிப் பார்க்கும்போது, 1973இல் ஜூரி முறையைக் கைவிட்ட நாடு, அதற்குப் பின் சட்டங்களின் வழியாகப் புதிய ஜூரிகளை உருவாக்கியிருப்பது புலனாகும். வழக்குரைஞரோ நீதிபதியோ அல்லாத மனிதர்களை அமரச் செய்து, பிறர் வாழ்வின் மிகக் கடினமான கேள்விகளுக்கு விடை சொல்லச் செய்யும் ஏற்பாடு பெயர் மாறித் தொடர்கிறது. இது குறையன்று. குழந்தையின் வழக்கில் குழந்தைகளை அறிந்தவரும், பணியிடத்தின் வழக்கில் பணியிடத்தை அறிந்தவரும் இருப்பது நன்மையே. நீதியை நீதிமன்றத்தின் மதில்களுக்குள் மட்டும் வைக்காமல் குடிமக்களோடு பகிர்வது மக்களாட்சிக்கு வலிமை சேர்க்கும். குறை வேறிடத்தில் இருக்கிறது.

4. வீடு என்னும் இடம்

நீதிபதியும் வீடு திரும்புகிறார். அவருக்கும் மனச்சுமை உண்டு. ஆனால் நீதிபதியின் வாழ்வு அச்சுமையைத் தாங்கும் வகையில் பல தலைமுறைகளாக வடிவமைக்கப்பட்டுள்ளது. அங்கி உண்டு, அதைக் கழற்றும்போது பணியும் ஓரளவு கழல்கிறது. தனியறை உண்டு. இதே சுமையைச் சுமக்கும் சக நீதிபதிகள் உண்டு. வழக்காடுவோரோடு நெருங்கிப் பழகாதிருப்பதை ஊரும் மரபாக ஏற்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை இடமாற்றம் உண்டு. அனைத்துக்கும் மேலாக, தம் முடிவுக்கான காரணங்களை எழுதி வைக்கும் தீர்ப்புரை உண்டு. எழுதுவது ஒருவகையில் இறக்கி வைப்பதும் ஆகும்.

சாதாரண மனிதருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவர் எந்த ஆடையோடு விசாரித்தாரோ அதே ஆடையோடு பேருந்தில் ஏறுகிறார். வழியில் காய்கறி வாங்குகிறார். எரிவாயு உருளை வந்ததா என்று கேட்கிறார். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறார். அன்றாடம் ஆறுதல் தரும் என்பது உண்மை. அடுப்பில் பருப்பு வேகும் மணம் மனிதனை மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அன்றாடத்துக்குள் எவரும் ஒரே நொடியில் நுழைந்துவிட முடியாது. மயானத்திலிருந்து திரும்புவோர் குளித்துவிட்டே வீட்டுக்குள் வருவர். அது நீரைப் பற்றிய நம்பிக்கை மட்டுமன்று. இரண்டு உலகங்களுக்கிடையே ஓர் இடைவெளி வேண்டும் என்பதை முன்னோர் அறிந்திருந்ததன் அடையாளமும் ஆகும். தீர்ப்பிலிருந்து திரும்புவோருக்கு அத்தகைய இடைவெளி எதையும் இந்தியச் சட்டம் அமைத்துத் தரவில்லை.

இதில் பெண்களின் நிலை தனித்து நோக்கத்தக்கது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருபத்தொரு வயது முதல் அறுபது வயது வரையிலான ஆண்களையே ஜூரிக் கடமைக்கு உரியவர்களாக வகுத்தது. அந்த ஆண் வீடு திரும்பும்போது அவருக்காக யாரோ ஒருவர் உணவு சமைத்து வைத்திருந்தார். இன்றைய சட்டங்கள் பெண்களின் இடத்தை உறுதி செய்துள்ளன; உள்ளகக் குழுவின் தலைமையே பெண்ணுக்குரியது. இது பெரும் முன்னேற்றம். ஆனால் சட்டம் பெண்ணை இருக்கையில் அமர்த்தியதே தவிர, வீட்டில் அவருடைய வேலையை எவரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை. ஒரு சக ஊழியை அழுதுகொண்டே சொன்ன வாக்குமூலத்தை மூன்று மணி நேரம் எழுதிய கை, அன்றிரவே சப்பாத்தி மாவு பிசைகிறது. அலுவலகத்திலோ அவருடைய வழக்கமான கோப்புகள் அப்படியே குவிந்து கிடக்கின்றன. குழுப் பணி பெரும்பாலும் இருக்கும் வேலைக்கு மேலான வேலையாகவே வந்து சேர்கிறது. தான் கேட்டதில் ஒரு பகுதி தன் வாழ்விலும் என்றோ நடந்தது என்பது நினைவுக்கு வரும் பெண்ணின் இரவைப் பற்றி எந்த விதித்தொகுப்பும் பேசவில்லை.

5. மறுப்புகளும் விடைகளும்

சில மறுப்புகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

‘விருப்பத்தோடு பொறுப்பேற்றவர்கள் சுமையையும் ஏற்கத்தான் வேண்டும்’ என்பது முதல் மறுப்பு. ஏற்கத்தான் வேண்டும். ஆனால் எதை ஏற்கிறோம் என்பதை அறிந்து ஏற்பதே விருப்பம். உள்ளகக் குழுவில் ‘உங்கள் பெயரைப் போட்டிருக்கிறோம்’ என்று சுற்றறிக்கை வந்த பிறகே பலருக்குத் தம் பொறுப்பு தெரிய வருகிறது.

‘பயிற்சிக்கு ஏற்கெனவே சட்டத்தில் இடமுண்டு’ என்பது இரண்டாவது மறுப்பு. உண்மையே. இளைஞர் நீதிச் சட்டம் நியமனம் பெற்ற அறுபது நாட்களுக்குள் பயிற்சி அளிக்கக் கூறுகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் குழு உறுப்பினர்களுக்கு அறிமுகப் பயிற்சி நடத்துவதை நிறுவனத்தின் கடமையாக்குகிறது. ஆனால் அவை தொடங்குவதற்கான பயிற்சிகள். விசாரணையை எப்படி நடத்துவது என்று அவை கற்பிக்கும். விசாரணையிலிருந்து எப்படி வெளியேறுவது என்று கற்பிப்பவை அல்ல.

‘ரகசியம் காக்கப்பட வேண்டுமே’ என்பது மூன்றாவது மறுப்பு. மூன்றிலும் இதுவே வலியது. குழந்தையின் அடையாளமும் புகார் அளித்த பெண்ணின் அடையாளமும் வெளியாகக் கூடாது. இதில் தளர்வே கூடாது. ஆனால் ரகசியம் என்பது எவரிடமும் பேசாதிருப்பது மட்டுந்தானா? இதற்குக் கனடாவின் அனுபவம் வழிகாட்டுகிறது. அங்கே ஜூரி அறையில் பேசியதை வெளியே சொல்வது குற்றம். கொடூரமான வழக்குகளைக் கேட்டு மனம் குலைந்த ஜூரிகள், மருத்துவரிடம்கூட முழுமையாகப் பேச முடியாமல் தவித்தனர். 2018இல் நாடாளுமன்றக் குழு ஒன்று ஜூரிகளுக்கான ஆதரவு குறித்து அறிக்கை அளித்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, வழக்கு முடிந்தபின் ஜூரிகள் சிகிச்சைக்காக உடல்நலத் துறை வல்லுநர்களிடம் பேசலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. மருத்துவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே. ஆகவே ரகசியத்தின் வட்டம் ஓர் ஆள் அளவுக்கு விரிந்ததேயன்றி உடையவில்லை.

இந்தியாவில் செய்யத்தக்கவையும் எளியவையே. முதலாவதாக, எதைச் சொல்லக் கூடாது என்று கூறும் சட்டமும் விதிகளும், யாரிடம் சொல்லலாம் என்பதையும் கூற வேண்டும். கனடாவைப் போல ஒரே ஒரு விலக்குப் போதும். இரண்டாவதாக, கடினமான வழக்கொன்று முடியும்போது, உறுப்பினர்கள் அனைவரும் ஓர் உளநல ஆலோசகரோடு அமர்ந்து பேசுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, உள்ளகக் குழுப் பணியை வேலைநேரமாகவே கணக்கிட்டு, அதற்கேற்ப வழக்கமான பணியைக் குறைக்க வேண்டும். நான்காவதாக, முடிவின் காரணமாக உறுப்பினர்மீது பழிவாங்கும் நடவடிக்கை எழுந்தால் அதை முறையிடத் தெளிவான ஓர் இடம் வேண்டும். இவற்றுக்கு நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லாதவையும் உள்ளன. ஒரு பல்கலைக்கழகமோ நிறுவனமோ மாவட்ட நிர்வாகமோ தானே முன்வந்து செய்யக்கூடியவை அவை.

இதில் ஆபத்தில் இருப்பது உறுப்பினரின் மனஅமைதி மட்டுமன்று. துணையின்றிச் சுமப்பவர் மெல்ல மரத்துப்போவார். அடுத்த குழந்தையின் கதையைக் கேட்கும்போது அவர் காது அடைத்துக்கொள்ளும்; அடுத்த பெண்ணின் புகாரைச் சமரசத்தில் முடித்துவிடவே மனம் விரும்பும். அல்லது, பதவிக்காலம் முடிந்ததும் நல்லவர்கள் விலகிக்கொள்வர்; எதனாலும் பாதிக்கப்படாதவர்கள் மட்டுமே இருக்கையில் நீடிப்பர். வீடு திரும்புவோரைக் கவனிக்காத நீதிமுறை, நாளடைவில் யாருக்காக ஏற்பட்டதோ அவர்களையே கைவிட்டுவிடும்.

1959இல் அந்த ஒன்பது பேர் வீடு திரும்பியபோது அவர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அவர்கள் தவறிழைத்தனர் என்று அறிவிக்க மட்டும் பலர் இருந்தனர். இன்று ஏதோவோர் ஊரில் இளைஞர் நீதிக் குழுமத்திலிருந்தோ உள்ளகக் குழுவிலிருந்தோ ஒருவர் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார். தாம் சொன்ன முடிவு சரிதானா என்னும் ஐயம் அவரோடு வருகிறது. அந்த ஐயமே அவரை நல்ல நடுவராக்குகிறது. அதை அவர் தனியாகச் சுமக்க வேண்டும் என்று மட்டும் எந்த நீதிநூலும் விதிக்கவில்லை.